ஹம்பியில் புற்றுமண்

ஆளுக்கொரு முதுகுப்பையோடு, முன்பதிவில்லாப் பெட்டிகளில் இடிபட்டு, சங்கரன்கோவிலிலிருந்து நானும் என் மனைவியும் ஹம்பி போய்ச் சேர்ந்தோம். இடிந்த கோயில் ஒன்றின் கருவறையில் சிலை இல்லை. செல்ஃபி எடுக்கும் கூட்டம்தான் இருந்தது. வெளியே சுவரோரம் ஒரு கரையான் புற்று. எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். அவள் ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியில் பூச வந்தாள்.

“ஏட்டி, இங்கன சாமியே இல்ல,” என்று எரிந்து விழுந்தேன்.

“புத்து இருக்குல்லா. நெத்தியக் காட்டுங்க.”

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு வடநாட்டு அம்மாள் கையை நீட்டினார். அவர் பின்னால் பத்துப் பேர் சேர்ந்தார்கள்.

“ஏன் தள்ளுதீங்க? எல்லாருக்கும் இருக்கு,” என்று அவர்களைத் தமிழிலேயே அதட்டினாள். வரிசை நேரானது.

அதன் கடைசியில் போய் நானும் நின்றேன்.