அமலோற்பவம் தாங்கமாட்டாள்

எங்கள் ஊரில் ஒருவர் செத்துப்போனால் துக்கம் யாருக்குச் சொந்தம் என்பதில் குழப்பமே வராது. ஊருக்குத்தான். செத்தவரின் பெண்டாட்டி பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து, ஊர் சொல்கிறபடி அழுதால் போதும். எப்போது அழ வேண்டும், எவ்வளவு சத்தமாக அழ வேண்டும், எந்த நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள். அமலோற்பவம் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராத பெண். பன்னிரண்டு வருஷம் ஒத்துவரவில்லை. அந்தப் பன்னிரண்டு வருஷமும் ஊர் அவளைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன், பல நாள் நானும் சேர்ந்து பேசினேன். அவளைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் வேறு எவனும் எழுதப் போவதில்லை.

பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, மாதா கோயிலுக்கு எதிரில், தொண்ணூற்று மூன்றில் எஸ்.டி.டி. பூத் போட்டவன் நான். ஊர் ஆம்பிளைகளில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போய்விட்ட காலம் அது. ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக் கிடந்த ஊர், போன் எப்போது வரும் என்று என் பூத்தைப் பார்க்க ஆரம்பித்தது. அமலோற்பவத்தின் புருஷன் ரெமிஜியஸ் குவைத்தில் கம்பி கட்டுகிற வேலை. ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, காலை பதினொரு மணிக்கு அவன் போன் வரும். பத்தரைக்கே அவள் வந்து பூத் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள்.

ரெமிஜியஸின் இடது காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் தென்னை மரத்திலிருந்து வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ப்ளேட் வைத்து ஆறு ஸ்க்ரூ போட்டார்கள். அதில் மேலிருந்து நாலாவது கொஞ்சம் கோணல். ஒரு வருஷம் கழித்து வா, எடுத்துவிடலாம் என்றார்கள். எவன் போவான்? கால் நடக்கிறது, போதும் என்று விட்டுவிட்டான். அந்த எக்ஸ்ரேயை அமலோற்பவம் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். தொண்ணூற்றைந்து அக்டோபரில் சூரிய கிரகணம் வந்தபோது அவன் லீவில் வந்திருந்தான். இரண்டு பேரும் கொல்லையில் நின்று அந்த எக்ஸ்ரே வழியாகச் சூரியனைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் கண் போய்விடும் என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். "என் கால் வழியா பாக்குறா பூத்துக்காரரே, உங்களுக்கு என்ன?" என்றான் ரெமிஜியஸ். அவள் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

தொண்ணூற்றேழு ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. வெள்ளியைத் தவிர வேறு கிழமையில் குவைத்துப் போன் வந்தால் நல்ல சேதியாக இருக்காது. அறையில் கூடத் தங்கியிருந்த ஆள் பேசினான். சாரம் சரிந்துவிட்டது, ரெமிஜியஸும் ராமநாதபுரத்துப் பையன் ஒருத்தனும் போய்விட்டார்கள் என்றான். நான் நேரே அவளிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் ஆம்பிளையிடம் சொல்வதுதான் எங்கள் ஊர் லட்சணம். ரெமிஜியஸின் அண்ணன் மரியஅந்தோணியிடம் போனேன். அவர் மாதா கோயில் சாமியாரிடம் போனார். சாமியார், மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் சொன்னார். கோயில்பிள்ளை டீக்கடையில் சொன்னான். கடைசியில் பெண்டாட்டிக்குத் தெரிந்தபோது டீக்கடையில் நாலு ரவுண்டு டீ ஓடியிருந்தது.

இருபத்தாறு நாள் கழித்துப் பெட்டி வந்தது. மரப்பெட்டி, உள்ளே தகரம் வைத்து ஈயம் பற்றவைத்தது. மேலே பேரும் பாஸ்போர்ட் நம்பரும் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. ராமநாதபுரத்துப் பையனின் பெட்டியும் அதே விமானத்தில் வந்து இன்னொரு வேனில் போனது என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் ஏதோ தகவலாகச் சொன்னது, அவள் காதில் விழுந்துவிட்டது.

"பெட்டிய ஒரு தடவ திறங்க" என்றாள்.

மரியஅந்தோணி கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவைக்குத் தலைவர். குரலைத் தாழ்த்திப் பேசினால் ஞானம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர். "வேணாம்மா. இருபத்தாறு நாளாச்சு. அவன் சிரிச்ச மொகமாவே உன் மனசுல இருக்கட்டும்."

"செத்தது ரெண்டு பேரு. வந்தது ரெண்டு பெட்டி. இது அவருதான்னு யாரு பாத்தா?"

"அதான் பேப்பர்ல போட்டிருக்குல்ல."

"நா பேப்பரையா கட்டிக்கிட்டேன்? மூஞ்சி வேணாம். இடது காலை மட்டும் காட்டுங்க, போதும்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அவ தாங்கமாட்டா, அவ தாங்கமாட்டா என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஜெபமாலை சொல்வது போலச் சொன்னார்கள். மாசமாக இருக்கும்போது ஏழாம் மாதம் வரை நடவுக்குப் போனவள் அவள். புருஷன் கால் முறிந்து கிடந்த நாலு மாதம் அவனைத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனவள். அவளால் எவ்வளவு தாங்க முடியும் என்று அளந்து சொன்னவர்கள் யார் தெரியுமா? கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்தால் மூன்று வருஷம் பேசாமல் இருக்கிறவர்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். என் பூத்துக்குக் கூரைத் தகரம் வெட்டியது நானே, வெட்டுகிற கத்தரி என் வீட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

"வேணாம்மா. நீ தாங்கமாட்டே" என்றேன் நான்.

பெட்டியை அப்படியே புதைத்தோம். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அதிலிருந்து ஆரம்பித்தது ஊரின் திருப்பணி. அழவைக்கும் திருப்பணி. அழாமல் இருந்தால் நெஞ்சு அடைத்துவிடும் என்று ஒருத்தி, மூளை கலங்கிவிடும் என்று ஒருத்தி. ஒரு கிழவி தொடையில் கிள்ளிப் பார்த்தாள். முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் தாலியைக் கழற்றச் சொன்னார்கள், அவள் கழற்றவில்லை. "கால பாத்தப்புறம் கழட்டுறேன்" என்றாள். அடுத்த மாதம் ரெமிஜியஸின் பிறந்தநாள் வந்தது. யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று பூசைக்கருத்து எழுதும் நோட்டில், செத்தவர்களின் ஆன்மா இளைப்பாற்றிக்கு என்று எழுதும் பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தில் 'ரெமிஜியஸ், உடல் நலம் வேண்டி' என்று எழுதிவிட்டு வந்தாள். புதிதாக வந்த சாமியார் பூசையில் அப்படியே வாசித்துவிட்டார். கோயிலே திரும்பிப் பார்த்தது. வாசித்தவருக்குத்தான் விளங்கவில்லை. பூசை முடிந்ததும் பாதிப்பேர் அவளுக்குப் பைத்தியம் என்றார்கள், மீதிப்பேர் திமிர் என்றார்கள். நான் பைத்தியம் கட்சி.

கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றும். ரெமிஜியஸ் கல்லறைக்கு மட்டும் அவன் அம்மா செபஸ்தியம்மாள்தான் ஒற்றையாக வெள்ளையடிப்பாள். அமலோற்பவம் அன்றைக்கு வயலில் களை பறித்துக்கொண்டிருப்பாள். மகள் ஜாஸ்லினைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'வெளிநாட்டில் வேலை' என்று எழுதவைத்தாள். வாத்தியார், மரியஅந்தோணியைக் கூப்பிட்டுச் சொல்ல, அவர் வந்து அவளைத் தெருவில் நிறுத்திக் கத்தினார். பிள்ளை இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு அவள்மேல் நிஜமாகவே கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி மட்டும் மாறவில்லை. ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி வந்து பெஞ்சில் உட்காருவாள். போன் மணி அடித்தால் நிமிர்ந்து பார்ப்பாள். வேறு யாருக்காவது என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொள்வாள். பன்னிரண்டு மணிக்கு எழுந்து, "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவாள். இனி வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரக்கத்தினால் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லார் கையிலும் செல்போன் வந்து நான் பூத்தை மூடும்வரை வந்தாள்.

பரிசுத்த ஆவி இறங்கிக் கீழே விழுகிற எழுப்புதல் கூட்டத்துக்கு அவளை இழுத்துப் போனார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த பிரசங்கியார் நெற்றியில் கைவைத்துத் தள்ளினார். எல்லாரும் விழுந்தார்கள், இவள் விழவில்லை. இரண்டாவது தடவை பலமாகத் தள்ளினார். "எதுக்குத் தள்ளுறீங்க?" என்று மைக்கில் கேட்கும்படி கேட்டாள். அத்தோடு அந்த வைத்தியம் முடிந்தது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கடற்கரைப் பக்கம் ஆறுதல் சொல்லப் பயிற்சி எடுத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அங்கே வேலை குறைந்ததும் கடலை விட்டுத் தள்ளியிருக்கிற எங்கள் மாதிரி ஊர்களுக்கும் வந்தார்கள். ஃபெபி என்று ஒரு பெண் வந்தாள், இருபத்துமூன்று வயது இருக்கும். பங்கு மண்டபச் சுவரில் சார்ட் மாட்டினாள். துக்கத்துக்கு ஐந்து படி, முதல் படி மறுப்பு, கடைசிப் படி ஏற்பு, நடுவில் கோபம் பேரம் சோர்வு எல்லாம் கலர் கலராக இருந்தது. மாடிப்படி ஏறுகிற மாதிரி படிக்கு ஒரு பொம்மை வேறு. மரியஅந்தோணிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அமலோற்பவத்தை முன்னால் உட்காரவைத்து, "எட்டு வருஷமா மொதப் படியிலயே நிக்குது மேடம், கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அக்கா, நீங்க அவரப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"காட்டலம்மா" என்றாள் அமலோற்பவம்.

ஃபெபி எழுந்து சார்ட்டைச் சுருட்டினாள். பிறகு மரியஅந்தோணியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் சார் காட்டல?" சின்னப் பெண்ணுக்கு மரியாதை தெரியவில்லை என்று சாயங்காலமே மேலிடத்துக்குக் கடிதம் போனது. அவளை மறுபடி எங்கள் ஊரில் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது பிப்ரவரியில் செபஸ்தியம்மாள் செத்துப்போனாள். என்னை என் மகன் குழியிலேயே வையுங்கள் என்று சொல்லிவைத்திருந்தாள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. பழைய குழியைத் திறந்து, இருக்கிற எலும்பை ஓரமாக ஒதுக்கி, அதே குடும்பத்து ஆளை வைப்பது வழக்கம்தான். குழி வெட்டும் ஆல்பினோடு காலையில் என்னையும் மேற்பார்வைக்கு அனுப்பினார்கள். குழி வெட்டும் இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை. அமலோற்பவம் வந்தாள். மாமியாரை வீட்டில் கிடத்தியிருக்க, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்து குழி மேட்டில் நின்றாள்.

"பாத்துத் தோண்டு தம்பி" என்றாள் ஆல்பினிடம்.

அவளைப் போகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. மரம் எப்போதோ மக்கிப் போயிருந்தது. தகரம் துருவேறி, மண்வெட்டி பட்டதும் காய்ந்த இலை மாதிரி உடைந்தது. ஆல்பின் கையால் மண்ணைத் தள்ளித் தள்ளி எடுத்தான். பழுப்பாக எலும்பு தெரிந்தது. கால் எலும்பில், மண் பூசிய ஒரு இரும்புப் பட்டை. முந்தானையை நீட்டி, "தா" என்றாள்.

மேட்டிலேயே உட்கார்ந்து துடைத்தாள். துடைத்த இடம் பளபளத்தது, அதற்கு மட்டும் துருவே இல்லை. பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். ஒரு கையில் அது, மடியில் இது. விரல் வைத்து மேலிருந்து எண்ணினாள். நாலாவதில் விரல் நின்றது.

"கோணல்" என்றாள்.

அப்புறம் அழுதாள். ஒருத்தி அப்படி அழுது நான் கேட்டதில்லை, இனிமேல் கேட்கவும் வேண்டாம். ஆல்பின் குழிக்குள்ளேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளே தாலியைக் கழற்றி எலும்போடு வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அழுகை நிற்கவில்லை. மாமியார் பெட்டியின் தலைமாட்டில் விழுந்து அழுதாள், கோயிலில் அழுதாள், மண் போடும்வரை அழுதாள்.

ஊர் சொக்கிப்போனது. பெற்ற மகள்கூட இப்படி அழமாட்டாள் என்றார்கள். புருஷனுக்கு அழாதவள் மாமியாருக்கு அழுகிறாள் பார், அதுதான் குணம் என்றார்கள். ஏழாம் நாள் பூசையில் சாமியார் நல்ல மருமகளுக்கு இலக்கணம் என்று அவளை வைத்தே பிரசங்கம் செய்தார். மரியஅந்தோணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடந்தது தெரிந்த ஆல்பினும் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் துக்கத்தைப் பன்னிரண்டு வருஷம் தப்பாகவே படித்த ஊர், கடைசியிலும் தப்பாகவே படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அவள் வெள்ளையடிக்க வந்திருந்தாள். என் அப்பா கல்லறை பக்கத்து வரிசை. நான் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"தாங்கிட்டேன்ல, அண்ணே?"

நான் மட்டையை மறுபடி சுண்ணாம்பில் முக்கினேன். அன்றைக்குப் பெட்டி முன்னால் நின்றபோது நான் பயந்தது அவளுக்காக இல்லை, உள்ளிருந்து வரப்போகிற நாற்றத்துக்கு. அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நினைத்துக்கொண்டு போகிறேன். சுண்ணாம்பு தீர்ந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.