குழாய் குறுகினால் வேகம் கூடும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், நான் இருந்தேன். அக்கா இல்லை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவளுக்கு அன்று ஓவர்டைம். மிஸ்ஸியும் இல்லை. அப்பாவுக்கு ரத்தம் கழுவும் நிலையத்தின் தாதியைத்தான் நாங்கள் மிஸ்ஸி என்போம். ஞாயிறன்று நிலையம் பூட்டியிருக்கும். இந்த இருவரில் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தாலும் நான் சொன்னதை எதிர்த்து ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

அப்பா முன்பு பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து சிம்பாங் அம்பாட் தொழிற்சாலைகளுக்குக் கொள்கலன் லோரி ஓட்டினார். இனிப்புநீர் என்ற நீரிழிவு வந்து இரண்டு சிறுநீரகங்களும் போன பிறகு, மூன்று ஆண்டுகளாகத் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் நிலையத்தில் நான்கு மணி நேரம் படுத்துக் கிடக்கிறார். அதற்காக அவருடைய இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு அறுவை செய்து, இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருந்தார்கள். இயந்திரத்தின் ஊசிகள் அங்கேதான் ஏறும். அந்த இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கும். விரலை வைத்தால் அதிரும். காதை வைத்தால் 'ஊம்' என்று தாழ்ந்த ஒலி விடாமல் கேட்கும்.

"லோரி இஞ்சின எடுத்து என் கைக்குள்ள வெச்சுட்டானுங்க" என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டுவார்.

"தினம் காலையில காத வெச்சுக் கேளுங்கக்கா. அண்ணனோட உசிரே இந்தக் கைதான்" என்று மிஸ்ஸி முதல் நாளே அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா ஒரு நாளும் தவறியதில்லை. சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து, அப்பாவின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்து கேட்பார். கேட்டபின் தலையை ஒருமுறை ஆட்டுவார். அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார்.

நான் அப்போது பொறியியல் டிப்ளோமாவின் முதல் பருவத்தில் இருந்தேன். அப்பா தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுவும் இல்லை. அக்கா மூன்றாம் படிவத்தில், பதினைந்து வயதில், நின்று வேலைக்குப் போனாள். நான் படிக்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். எங்கள் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். மருந்துப் பையில் ஒட்டியிருப்பதை நான்தான் வாசிப்பேன். நான் ஒன்றைச் சொன்னால், அது எங்கோ அச்சில் இருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள்.

மறுநாள் எனக்கு இயற்பியல் தேர்வு. பாய்மங்கள் பற்றிய பாடம். சமையலறை மேசையில் பதினான்காம் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். கிடைமட்டமான ஒரு குழாயில் நீர் ஓடுகிறது. ஓரிடத்தில் ஆரம் பாதியாகக் குறைகிறது. அந்த இடத்தில் வேகம் என்ன? ஆரம் பாதியானால் பரப்பு கால்வாசி. ஒரு நொடிக்கு ஓடும் நீரின் அளவு எங்கும் ஒன்றே. ஆகவே வேகம் நான்கு மடங்கு. இந்த வகைக் கணக்குகள் எனக்குப் பிடிக்கும். தேவையான எல்லாவற்றையும் கேள்வியிலேயே கொடுத்திருப்பார்கள். பொறுமையாக எடுத்து வரிசையாக வைத்தால் போதும், விடை வந்துவிடும்.

"தம்பி, இங்க வாயேன்."

அம்மாவின் குரல். போனேன். அப்பாவின் கை அம்மாவின் மடியில் இருந்தது.

"சத்தம் மாறியிருக்குடா. கேட்டுப் பாரு."

குனிந்து கேட்டேன். உண்மைதான். அந்தத் தாழ்ந்த 'ஊம்' இல்லை. கெண்டியில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அப்படி ஒரு மெல்லிய கூர்மையான விசில். விட்டுவிட்டு வந்தது.

"எப்பலேருந்தும்மா?"

"நேத்தே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு நல்லாவே தெரியுது. மிஸ்ஸிக்குப் போன் போடவா?"

"ஞாயித்துக்கெழம காலையிலயா? பாவம் லா அந்தப் பொண்ணு, தூங்கட்டும்" என்றார் அப்பா.

மேசையில் விரித்து வைத்த புத்தகம் என் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது எழுதும்போதுகூட அந்தக் கணம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க முடியவில்லை. படித்தது ஒன்று வீட்டுக்குள் வந்து நிற்கிறது என்று நினைத்தேன்.

"பயப்படாதீங்கம்மா. ரத்தம் வேகமா ஓடுது, அதான் சத்தம் மேல போயிருக்கு. வேகமா ஓடுனா நல்லதுதானே?"

"ஏன் திடீர்னு வேகமா ஓடணும்?"

"பைப்புல தண்ணி ஊத்துறப்ப, வாயில கட்டவிரல வெச்சு அமுக்குனா என்ன ஆகும்?"

அடுக்குமாடி நடைபாதையை வாரம் ஒருமுறை ரப்பர் குழாய் பிடித்துக் கழுவுகிறவர் அம்மா. "பீச்சி அடிக்கும்" என்றார்.

"அதேதான். உள்ள கொஞ்சம் சின்னதா ஆயிருக்கும், அதனால வேகம் கூடியிருக்கு. கணக்கே இருக்கு இதுக்கு."

அம்மா கேட்டார்: "வெரல வெச்சு அமுக்குனா பீச்சி அடிக்கும், சரி. ஆனா வாளி நெறைய லேட்டாகுமேடா?"

"அது வேற லா அம்மா" என்று சிரித்தேன். அது வேறு இல்லை.

"இஞ்சினியரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன? டர்போ போட்டாச்சுன்னு நெனச்சுக்க" என்றார் அப்பா. அம்மாவும் சிரித்தார். ஆனால் அன்று தலையை ஆட்டாமலே எழுந்து அடுப்படிக்குப் போனார்.

தேர்வில் அதே மாதிரி ஒரு கணக்கு வந்தது. முழு மதிப்பெண் வாங்கினேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அப்பா நிலையத்திலிருந்து வரும்போது கைக்கட்டு நனைந்து சிவந்திருந்தது. ஊசியை எடுத்தபின் வழக்கமாகப் பத்து நிமிடம் அமுக்கினால் ரத்தம் நின்றுவிடும். அன்று அரை மணி நேரம் ஆனதாம். இயந்திரமும் இரண்டு முறை அலாரம் அடித்துக் கத்தியதாம்.

"மிஸ்ஸிகிட்ட விசில் சத்தத்தப் பத்திச் சொன்னீங்களா?" என்று அம்மா கேட்டார்.

"வீட்டுல ஏதும் வித்தியாசமா இருந்துச்சான்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டேன். இவன்தான் சொன்னானே, நல்லதுன்னு."

நான் அப்போதாவது பேசியிருக்க வேண்டும். குறுகிய இடத்தில் அழுத்தம் குறையும் என்று அதே பாடம் சொல்கிறது. அழுத்தம் குறைந்தால் ரத்தம் ஏன் இவ்வளவு நேரம் வழிய வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு வந்தது. வந்ததும் அதை ஓரமாகத் தள்ளினேன். கைப்பேசியில் தேடியிருக்கலாம், இரண்டு நிமிட வேலை. ஏற்கெனவே சொல்லிவிட்டேனே என்பதுதான் என்னைத் தடுத்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தார். "வேகம் கூடுனா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை அம்மா கையை மடியில் வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். காதை மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு அப்பாவின் கையைத் தடவினார், தேய்த்தார், கொஞ்சம் தட்டினார்.

"தம்பி, சத்தமே இல்லடா."

நான் விரலை வைத்தேன். கயிறு கெட்டியாக இருந்தது. அதிர்வு இல்லை.

அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். பார்த்தவர் ஒரு இளம் பெண் டாக்டர், தமிழர். கையைத் தொட்டதுமே அவர் முகம் மாறியது. ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ரத்தம் உறைந்து குழாய் நீளத்துக்கும் அடைத்துக் கிடந்தது.

"இந்தக் கைய இனி பயன்படுத்த முடியாதுங்க" என்றார் டாக்டர். "இது ஒரே நாள்ல வர்றது இல்ல. முதல்ல குழாய் சுருங்கும். அப்ப சத்தம் விசில் மாதிரி கூர்மையா வரும். அந்த நேரத்துலயே வந்திருந்தா பலூன் விட்டு விரிச்சிருக்கலாம். வீட்டுல யாருமே கவனிக்கலையா?"

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: "எங்களுக்குத் தெரியலீங்க டாக்டர். படிக்காதவங்க."

மூன்று ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் கேட்டவர், கேட்கவே இல்லை என்ற பழியை என் முன்னால் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். நான் திருத்தவில்லை. டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அன்றைக்கே அப்பாவின் கழுத்தில் ஒரு குழாயைச் செருகினார்கள். மறுபடி அறுவை செய்து புதிய கை தயாராகும்வரை அதன் வழியாகத்தான் ரத்தம் கழுவ வேண்டும்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாடத்தின் கடைசி இரண்டு பக்கங்களைப் படித்தேன். விரிவுரையாளர் வகுப்பில் தாண்டிப் போன பக்கங்கள். தேர்வுக்கு வராது என்றிருந்தார். பிசுபிசுப்பு உள்ள பாய்மம் பற்றியது. ரத்தம் அப்படிப்பட்டது. தள்ளும் அழுத்தம் மாறாமல் இருந்து, குழாயின் ஆரம் பாதியானால், ஓடும் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். நான் போட்ட கணக்குகள் எல்லாவற்றிலும் ஓடும் அளவை முதல் வரியிலேயே கொடுத்திருந்தார்கள்; குழாய் எவ்வளவு குறுகினாலும் அது மாறாது. அப்பாவின் கையில் அதை யாரும் கொடுத்திருக்கவில்லை. சுருங்கிய அந்த ஒரு இடத்தில் ரத்தம் வேகமாகப் பீறியது உண்மைதான். மொத்தத்தில் போய்ச் சேர்ந்தது குறைந்துகொண்டே வந்தது. தேங்கியது. உறைந்தது. அம்மாவின் வாளி இதைத்தான் கேட்டது.

அக்காவிடம் நானே சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லத் தெரியாதா?" என்றாள். கத்தவில்லை. "அம்மா போன் போடவான்னு கேட்டிருக்காங்கதானே? போடட்டும்னு விட வேண்டியதுதானே லா?"

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். பல நாள் என்னோடு பேசவில்லை.

புதிய அறுவைக்கு ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. ஆறாவது வாரம் கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ஏறி அப்பாவுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. போர்வை மேல் போர்வை போட்டும் பற்கள் அடித்துக்கொண்டன. பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தார். திரும்பி வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. லோரி ஜோக்கெல்லாம் நின்றுபோனது. இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்க மாட்டார் என்று வார்டு டாக்டர் அக்காவைத் தனியே அழைத்துச் சொன்னார்.

அதனால் அக்கா தனியார் மருத்துவமனையில் அறுவைக்கு ஏற்பாடு செய்தாள். இந்த முறை முழங்கைக்கு மேலே, வலது கையில். இடது கையின் குழாய்கள் மேல்வரை கெட்டுவிட்டன என்றார்கள். அப்பா சாப்பிடுகிற கை அது. தினமும் கேட்க வேண்டும் என்று அங்கேயும் சொன்னார்கள். கட்டைப் பிரித்த அன்று அம்மா குனிந்து கேட்டுவிட்டு என்னைக் கூப்பிடவில்லை. நேராகத் தாதியைக் கூப்பிட்டு, "இந்தச் சத்தம் சரிதானா, நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

வெளியேறும்போது கவுண்டரில் அக்கா வங்கி அட்டையைக் கொடுத்தாள். சுயமாக ஒரு சிறிய வீட்டுக்கு முன்பணம் கட்ட ஆறு ஆண்டுகளாக ஓவர்டைமில் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த பணம் அதில் இருந்தது. ரசீது மூன்று பக்கம், எல்லாம் ஆங்கிலத்தில். அப்பா சக்கர நாற்காலியில் இருந்தபடி அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"எவ்வளவுன்னு வாசி."

அறுவைக்கு இவ்வளவு, மயக்க மருந்துக்கு இவ்வளவு என்று முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

"அதெல்லாம் வேணாம்டா. மொத்தம் சொல்லு."

கடைசிப் பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது வெள்ளி.