உளுந்துச் செடியும் மஞ்சள் விளக்கும்

பிள்ளைங்களா, வண்டி சரியாகிவிட்ட பிறகும் அப்பா எதற்கு இன்னொரு தரம் அடியில் படுத்துப் பார்க்கிறார் என்று கேலி பண்ணுவீர்கள். இதுதான் காரணம். சொல்ல இஷ்டமில்லைதான். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. கிருமாம்பாக்கத்தில் ரோட்டோரம் என் பட்டறை. டிராக்டர், லாரி, அம்பாசிடர், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பிய சொல்தா ஒருவர், கப்பலில் ஒரு பழைய டர்போ காரைக் கொண்டுவந்திருந்தார். அவர் சம்சாரத்துக்கு இடுப்பெலும்பு முறிந்து சரியாகக் கூடவில்லை. பஸ் ஏற முடியாது. வாடகைக் கார் குலுக்கலும் தாங்காது. இந்தக் காரின் முன்சீட்டு படுக்கை மாதிரி சாயும். அதில்தான் அந்த அம்மா வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய் வருவார்.

தவக்காலத்தில் ஆயில் மாற்ற விட்டிருந்தார்கள். மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கப் போனேன். பாகூர் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறினால் காய் உடைந்து உளுந்து உதிரும் அல்லவா. அங்கே நின்ற பொம்பளை கையை நீட்டி மறித்தாள்.

“ஒதுங்கிப் பூடாதண்ணே. மேலயே ரெண்டு தபா ஓட்டு. சீமைக் காரு மிதிச்ச உளுந்து, இட்லி பூவா வரும்!”

சிரித்துக்கொண்டே நாலு தபா ஓட்டினேன்.

காரைத் திருப்பிக் கொடுத்த மறுநாளே அதில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கறுப்புப் புகை. மேடு வந்தால் நின்றுவிடும். அந்தக் காரில் இரண்டு ஒயரைச் சேர்த்துப் பிடித்தால் அந்த விளக்கே மின்னி மின்னிக் கோளாறைச் சொல்லும். நான் எண்ணி மட்கார்டில் சாக்பீஸ் கோடு போட்டேன். ரெண்டு மின்னல், கொஞ்சம் ஓய்வு, அப்புறம் ஒன்று. சொல்தா காரோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தைப் புரட்டினார்.

“காத்த அளக்குற சென்சார்னு போட்டிருக்குபா.”

“அப்ப அதான் பூட்டுச்சு, முசே,” என்றேன். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

“நல்லாத் தெரியுமா?”

“வெளக்கே சொல்லுதே.”

பிரான்சில் இருக்கும் தம்பிக்குக் கடிதம் போட்டார். சென்சார் வர வாரக்கணக்கில் ஆனது. நான் ஒன்றுவிட்டு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், கண்ணில் தண்ணி வருகிற வரைக்கும் அதே மின்னலை எண்ணிவிட்டு வருவேன். அந்த அம்மா உள்ளே இருந்தே கேட்பார்: “இன்னாபா, மாதா தேருக்காவது போவலாமா?” போகலாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போனது.

தேர் அன்றைக்குத்தான் பார்சல் வந்தது. மாட்டினேன். அந்த அம்மா புதுப்புடவை கட்டி, மல்லிகை வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பினேன். விளக்கு அணையவில்லை. ஒயரைப் பிடித்தேன். ரெண்டு, ஓய்வு, ஒன்று.

“மணி அஞ்சாவுது,” என்றார் சொல்தா.

“இன்னும் கொஞ்சம் முசே.”

ஆறு மணிக்கு அந்த அம்மா தலையிலிருந்து பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “வுட்ரு தம்பி. மாதா எங்க பூடப் போறா.” திட்டியிருந்தால் தேவலை. சொல்தா அவரைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனார்.

டிராக்டராக இருந்தால் முதல் நாளே அடியில் படுத்திருப்பேன். விளக்கு பேர் சொல்லிவிட்டது என்று இதில் படுக்கவே இல்லை. அப்போதுதான் படுத்தேன். டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்றுப் போகிற தடித்த ரப்பர் குழாய், கிளாம்ப்பிலிருந்து பாதி கழன்றிருந்தது. அதைச் சுற்றி முறுக்கிக் காய்ந்து கிடந்தது உளுந்துச் செடி. சென்சார் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறது. அளந்த காற்று இஞ்சினுக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே ஒழுகியிருக்கிறது. நான் சிரித்துக்கொண்டே நாலு தபா ஓட்டினேனே, அந்தச் செடி.

குழாயைச் செருகி கிளாம்ப்பை முடுக்கினேன். முற்றத்தில் யாருமில்லை. புது சென்சாரைக் கழற்றிப் பழையதையே மாட்டி, சாவியைத் திருப்பினேன். விளக்கு அணைந்தது. புதுசை அது வந்த காகிதத்திலேயே சுற்றி, சாயும் அந்த முன்சீட்டில் வைத்தேன். பக்கத்தில், சொல்தா பார்க்கட்டும் என்று, அந்த உளுந்துச் செடியையும் வைத்துக் கதவைச் சாத்தினேன்.