அம்மா சொன்ன சாட்சி

அம்மா சபையில் எழுந்து நின்றாள். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். கர்த்தர் செய்த நன்மையைப் பெற்றவர்கள் எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லவேண்டும். சாட்சி சொல்வதாக நேர்ந்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால், வந்த நன்மை வந்த வழியே போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு.

“எனக்க மாப்பிளைக்க கையைக் கர்த்தர் தொட்டாரு. வெரலு அனங்கிச்சு” என்றாள் அம்மா, அப்பாவின் விரல் அசைந்ததை.

சபை அல்லேலூயா சொன்னது. முன்பெஞ்சில் இருந்த மில் மேனேஜர் மற்ற எல்லாரையும்விட உரக்கச் சொன்னார்.

அவருடைய மில்லில்தான் அப்பாவின் வலது கை போயிற்று. தேங்காய் மட்டையான கதம்பையை அடித்துத் தும்பு நாராக்கும் இயந்திரம், ஒரு மழைநாளில் கதம்பையோடு கையையும் உள்ளே இழுத்துவிட்டது. ஐந்து விரலும் மிஞ்சின, ஆனால் காய்ந்த சுள்ளிகளாக. மில் நஷ்டஈடு தர மறுத்தது. அப்பா வழக்குப் போட்டார். அது நாகர்கோவிலில் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணைக்கு வர ஒரு வாரம்தான் இருந்தது. அந்தப் பணம் வராவிட்டால் இனி எதைக் கொண்டு அடுப்பு எரியும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

மத்தியானமே அத்தை வந்துவிட்டாள். “ஏட்டி, நீ சொன்னது கர்த்தருக்கு மட்டுமா கேட்டுது? மேனேஜருக்கும் கேட்டுதுல்லா.”

அனங்கியதைத்தானே சொன்னேன் என்றாள் அம்மா. அதன்பிறகு அந்த வாரம் முழுக்க, கழுவிய மீனையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அசையத் தொடங்கியிருந்த சுண்டுவிரலை மட்டும் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் மூடிக்கொண்டார். நான் அந்தத் துணியையே, பாம்புப் பொந்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்கு அப்பாவோடு நான் போனேன். இருக்கிற ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்தால் பையைப் பிடிக்க ஆள் வேண்டுமே. மில் வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. கை குணமாகிவிட்டதென்று உங்கள் மனைவி சபை நடுவே சொன்னாரா, இல்லையா? இல்லை என்றால் அம்மா கர்த்தர் முன்னால் பொய் சொன்னவள். ஆம் என்றால் எல்லாம் போயிற்று.

அப்பா துவர்த்தை எடுத்தார்.

“அவ பொய் சொல்லமாட்டா சார். சின்ன வெரலு அனங்கிச்சு. அனங்குனதுக்கு அவ அங்க நன்றி சொன்னா. அனங்காததை நான் இங்க கொண்டு வந்திருக்கேன்.”

அதிகாரி தம் பேனாவை மேசையில் வைத்து, வலது கையால் எடுக்கச் சொன்னார். சுண்டுவிரல் துடித்தது. எடுத்துவிடாதேப்பா, எடுத்துவிடாதே என்று எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாத ஆசை எனக்குள் ஓடியது. பேனா உருண்டு தரையில் விழுந்தது. அதிகாரி குனிந்து தாமே எடுத்துக்கொண்டார். கை போனது போனதுதான், மில் நஷ்டஈடு கொடுத்தாகவேண்டும் என்றார்.

அவர் சொன்னதில் பின்பாதி மட்டுமே என் காதில் விழுந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் சந்தோஷம் தாங்காமல் கேட்டேன்: “கேஸு முடிஞ்சிட்டுல்லாப்பா? இனி மிச்ச வெரலையும் கர்த்தர் சொகமாக்கலாம், என்னா?”

அப்பா சிரித்தார். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, நிறுத்த முடியாமல் சிரித்தார். ஆமாம் என்றுதான் சொல்கிறார் என எண்ணி, நானும் கூடவே சிரித்தேன்.