கடல் நடுவே ஒரு வந்தனோபசாரம்

தொங்காங் என்ற பாய்மரப் படகில் முழங்கால் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தபோது நான் ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு மனிதனைத் திட்டிக்கொண்டிருந்தேன். சகோதர சகோதரிகளே, சாட்சி சொல்ல வந்தவன் பொய்யோடு தொடங்கக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாய் கிழிந்துவிட்டது. சுக்கான் உடைந்துவிட்டது. மழை திரையாய் இறங்கியதில் கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. என் மனைவி எஸ்தர் ஆறு மாதக் கர்ப்பிணி. இதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போனவள். அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுங்க" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்போதும் என் வாய் மட்டும் அந்த மனிதனை விடவில்லை.

அந்த மனிதன் மாசிலாமணி. நம் சபையில் மூன்றாவது பெஞ்சில், நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். எழுந்து பேச வசதியாக அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். சபைப் பத்திரிகையில் இதை அவரும் வாசிப்பார். வாசிக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் மாலைக் கல்லூரியின் ஆண்டு விழா. கல்லூரி என்றதும் தூண்களும் மணிக்கூண்டும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அருகே ஓர் அரிசிக் கிடங்கின் மேல்மாடி. இரண்டு அறை. பகலெல்லாம் துறைமுகத்திலும் கடைகளிலும் உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே ஆங்கிலமும் தட்டச்சும் சொல்லிக்கொடுப்பார்கள். சனிக்கிழமை மதியம் பெண்களுக்குத் தையல் வகுப்பு. நான் ஆங்கில வகுப்பில் இருந்தேன், எஸ்தர் தையலில். படிப்பு மோசமில்லை. ஆனால் அந்தப் படிப்பைவிட அதன் நிர்வாகக் கமிட்டி பெரிது. பாடம் நடக்காத நாள் உண்டு, கமிட்டி கூடாத வாரம் கிடையாது. கூடினால் மாலை, மாலை போட்டால் பேச்சு, பேச்சு முடிந்தால் வந்தனோபசாரம்.

தலைவர் கண்டிராக்டர் சின்னையா. கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துப் பெரிய மனிதர் ஆனவர். ரப்பர் விலை விழுந்து, பிடித்துக் கொடுத்த ஆட்களையெல்லாம் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிய வருடம் நினைவிருக்கிறதல்லவா? அதற்கு அடுத்த வருடம், எஞ்சிய தோட்டத்து ஜனங்கள் தன்னைப் பார்த்துப் பிரமிக்க வேண்டும் என்று இவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆண்டு விழாவைப் பத்து காவானில், தோட்டத்துக்கு உள்ளேயே நடத்துவோம் என்றார். ஜார்ஜ்டவுனில் படிக்கிறவர்களின் பரிசளிப்பை, கடல் தாண்டிப் போய்ப் பால்வெட்டுகிறவர்களுக்குக் காட்டுவதில் என்ன நியாயம் என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த மாலை கிடைக்காதே!

ஆகவே மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியும்போது ஒரு தொங்காங்கில் ஏறினோம். ஆட்கள், ஹார்மோனியம், பரிசுப் பெட்டி, பன்னீர்ச் செம்பு, எல்லாவற்றுக்கும் மேலே தலைவருடைய நாற்காலி. சிங்கமுகக் கைப்பிடி வைத்த தேக்கு நாற்காலி அது. தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய அந்தஸ்து தேய்ந்துவிடுமாம். கடலில் அந்த நாற்காலிக்குக் குடை பிடித்தார்கள். என் மனைவிக்கு நான்தான் பிடித்தேன்.

விழாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தட்டச்சில் முதல் பரிசு தலைவரின் மருமகனுக்கு. ஒரே விரலால் அடிப்பவன், அந்த விரலும் வழி தேடித்தான் போகும். ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு, சோடா கொடுத்த முதலாளியின் மகனுக்கு. அவன் இரண்டாவதாக வந்ததைத் தோட்டமே பார்த்தது. நாவன்மையில் தங்க முலாம் பூசிய பதக்கம் மாசிலாமணிக்கு. இது மட்டும் நியாயமான பரிசு என்று சொல்லியே ஆக வேண்டும். அவருடைய குரலுக்கு எல்லை கிடையாது. எஸ்பிளனேடு திடலில் அவர் பேசினால் கப்பலில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலுக்குள் விஷயம் ஏதும் இருக்காது என்பது வேறு. கடைசியாக, கூட்டம் கலையத் தொடங்கிய பிறகு, தையலில் முதலாவதாக வந்த எஸ்தரைக் கூப்பிட்டு ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். "இதைத் துணிக்கு வச்சுக்கம்மா, புருஷன் மேல காட்டிறாதே" என்றார் தலைவர். கமிட்டி முழுக்கச் சிரித்தது. எஸ்தர் சிரிக்கவில்லை. நானும்தான்.

அதன்பின் மாசிலாமணி வந்தனோபசாரம் சொல்ல எழுந்தார்.

படகு திரும்புவதற்கு ஆற்றுமுகத்தில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். ஓதம் வற்றினால் அங்கே சேறுதான். தொங்காங்கைச் செலுத்தும் தைக்கோங், வயதான மலாய்க்காரர், பந்தல் ஓரத்தில் வந்து நின்று, "ஆயேர் சூரூட்! ஆயேர் சூரூட்!" என்று கையை ஆட்டினார். தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம். ஒருவரும் சட்டை செய்யவில்லை. மாசிலாமணி தலைவரில் தொடங்கி, தோட்டத்துத் துரை, பரிசு கொடுத்தவர்கள், ஹார்மோனியம் வாசித்தவர், சோடா கொடுத்தவர், பந்தலுக்குக் கயிறு கொடுத்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி போட்டு நன்றி சொல்லி முடித்தார். அப்பாடா என்று எழுந்தோம். முன்வரிசையில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பந்தலுக்குக் கீத்து யாரு குடுத்தது? கயித்துக்காரனுக்கு நன்றி, எனக்கு இல்லையா? வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

கமிட்டியே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தது. சரி, அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்களுக்கு நம் ஜனங்களைத் தெரியவில்லை. கிராணியைக் கடைசியில் சேர்த்தால் அவர் கயிற்றுக்காரனுக்குக் கீழே போய்விடுவார். துரைக்கு அடுத்து, பரிசு கொடுத்தவர்களுக்கு முன்னால், அவருக்குரிய இடத்தில் வர வேண்டும். அதற்கு ஒரே வழிதான். "முதல்லேருந்து சொல்லுப்பா" என்றார் தலைவர். மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைவரில் தொடங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். ஓர் அடைமொழியைக்கூடக் குறைக்கவில்லை. தைக்கோங் தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது அவர் பயந்தபடியே. ஆற்றுமுகத்தில் தொங்காங் சேற்றில் குந்திக்கொண்டது. ஆண்கள் இறங்கி இடுப்பளவு சேற்றில் நின்று தள்ளினோம். வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மேற்கே, சுமத்ரா பக்கம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று ஒரே அடியாக அடித்தது. பாய் கிழிந்தது. எங்கோ மீன் பிடிக்க நட்டிருந்த கம்பத்தில் மோதிச் சுக்கான் போயிற்று. பலகை விட்டுத் தண்ணீர் உள்ளே வந்தது. பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று தைக்கோங் நாற்காலியைக் காட்டினார். தலைவர் அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"இது தேக்கு! ஊர்லேருந்து கப்பல்ல வரவழைச்சது. ஹார்மோனியத்தைப் போடுலா!"

ஹார்மோனியம் போயிற்று. நாற்காலி இருந்தது. கமிட்டி உறுப்பினர்கள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாசிலாமணி ஓரத்தில் கவிழ்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். எடுக்கட்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் எஸ்தர் வலிக்கிறது என்றாள்.

"இந்தப் பயல் வாயாலதான் நாம சாகப்போறோம்" என்று நான் கத்தினேன்.

எஸ்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "திட்டினது போதும்லாங்க. ஜெபம் பண்ணுங்க. எனக்கு இந்தப் பிள்ளை வேணும்."

அவள் அப்படி ஒருபோதும் கேட்டதில்லை. முதல் இரண்டு முறையும் வாய்விட்டு அழாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டவள். நான் அந்தத் தண்ணீரிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இவளையும் இவள் வயிற்றில் இருப்பதையும் கரை சேர்த்தருளும்" என்றேன்.

"யாரைக் கொண்டாவதுன்னு சொல்லுங்க" என்றாள் எஸ்தர்.

"யாரைக் கொண்டாவது" என்றேன். முழு மனதோடுதான் சொன்னேன். யாரைக் கொண்டு என்று தெரிந்திருந்தால் ஒருவேளை தயங்கியிருப்பேன்.

தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. மீன்பிடி படகு. உடனே எல்லோரும் "தோலோங்! தோலோங்!" என்று உதவி கேட்டுக் கூவினோம். ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு நேரம். காற்று அத்தனையையும் பிய்த்து எறிந்துவிட்டது. விளக்கு விலகிப் போனது. மழைக்குள் மறைந்தது. சிலர் அழுதார்கள். எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள். என் தொண்டை கட்டிவிட்டது.

அப்போது மாசிலாமணி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தலைவர் கட்டிப்பிடித்திருந்த நாற்காலியின் மேல் ஏறி நின்றார். தலைவர், "டேய், தேக்குடா!" என்றார். மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்தி, கையை நீட்டி, பந்தலில் நின்றதுபோலவே நின்று தொடங்கினார்.

"பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய தலைவர் அவர்களே!"

பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அந்தக் குரல் நிற்கவில்லை. தலைவர், துரை, கிராணி (அவரை மறக்கவில்லை), பரிசு கொடுத்தவர்கள், கடலில் போய்விட்ட ஹார்மோனியத்தை வாசித்தவர், சோடா, கயிறு. முடிந்ததும் மறுபடி தலைவர். மூச்சு வாங்கக்கூட இடைவெளி விடாமல், ஒரே திசையில், ஒரே சுருதியில், மழையைத் துளைத்துக்கொண்டு போயிற்று. பிறகு ஒரு கட்டத்தில் நானே எழுந்து, விழுந்துவிடாமல் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு நான் செய்த ஒரே மரியாதை அதுதான்.

விளக்கு திரும்பி வந்தது.

பக்கத்துத் தீவு மீனவர்கள். மலாய்க்காரர்கள். பெண்களை முதலில் தங்கள் படகில் ஏற்றினார்கள். அவர்களில் மூத்தவர் பிறகு சொன்னார்: முதலில் கேட்ட கூச்சலில் திசை தெரியாமல் திரும்பிவிட்டார்களாம். அப்புறம் ஒரே குரல் விடாமல் கேட்டதாம். ஏதோ பைத்தியக்காரன் தனியாகக் கத்துகிறான் என்று நினைத்தார்களாம். பைத்தியமானாலும் மனிதன்தானே என்று அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வந்தார்களாம். அந்த நல்லவர்களை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. அவர்கள் கூட்டம் போடவில்லை. மாலை கேட்கவில்லை. எங்களைத் தங்கள் தீவுக்குக் கூட்டிப்போய்ச் சூடாகக் காப்பி கொடுத்தார்கள். பீடான் என்று அவர்கள் சொல்லும் மருத்துவச்சி ஒருத்தி வந்து எஸ்தரின் வயிற்றைத் தடவி, கால் உயர்த்திப் படுக்கவைத்து, விடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள். வலி நின்றது. பிள்ளை உள்ளே அசைந்தபோது எஸ்தர் என் கையை எடுத்து வைத்துக்காட்டினாள். நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

நாற்காலியும் கரை சேர்ந்தது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மாதம் நிறைந்து டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் மகள் பிறந்தாள். அந்தக் கத்தரிக்கோலால் வெட்டித் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு ஞானஸ்நானத்துக்குத் தூக்கிவந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். விருந்து முடிந்ததும், ஒருவரும் கேட்காமலே, மாசிலாமணி வந்தனோபசாரம் சொல்ல எழுந்ததையும் பார்த்தீர்கள்.

என் அபிப்பிராயம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவருடைய பேச்சு அன்றும் வெறும் காற்றுதான், இன்றும் வெறும் காற்றுதான். கமிட்டியும் அதே கமிட்டி. இந்த வருடமும் விழாவைப் பத்து காவானில் வைக்கலாமா என்று யோசிக்கிறார்களாம், அவர்களுக்குப் புத்தி வரவேண்டும் என்று நான் ஜெபிக்கிறேன், அது இன்னும் கேட்கப்படவில்லை. என்னிடம் மாறியது ஒன்றுதான். முன்பெல்லாம் ஜெபிக்கும்போது உதவி எந்த வாசலில், எந்த மாதிரி ஆளாய் வர வேண்டும் என்று ஆண்டவருக்கே யோசனை சொல்வேன். இப்போது சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். கஷ்டத்தில் இருக்கிறவர்கள் தைரியமாகக் கேளுங்கள். ஆனால் யாரைக் கொண்டாவது என்று சேர்த்துக் கேளுங்கள். அவர் அனுப்புவார். அனுப்புகிற ஆளைப் பார்த்து நீங்கள் பல்லைக் கடிக்க நேர்ந்தாலும், அனுப்புவார்.

அன்று விருந்தில் மாசிலாமணி போதகரில் தொடங்கினார். மூப்பர்கள், பாட்டுக் குழு, சமைத்தவர்கள், பெஞ்சு தூக்கியவர்கள், ஐஸ் கொண்டுவந்தவர் என்று ஒருவரையும் விடவில்லை. முடித்துவிட்டு, கைதட்டலை எதிர்பார்த்து நின்றார். எல்லோரும் அப்பாடா என்று நாற்காலியைத் தள்ளினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுந்தேன். எஸ்தர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பயத்தோடு பார்த்தாள், ஏதோ திட்டப்போகிறேன் என்று.

"தம்பி, ஆண்டவரை விட்டுட்டியே" என்றேன். "முதல்லேருந்து சொல்லு."