கப்பலுக்கு ஒரு மலை ஒத்திகை

அன்று வெள்ளிமலை பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவியின் தம்பி குமரன், அப்புறம் ஒரு பையில் நாலு எலுமிச்சம்பழம். அவ்வளவுதான்.

குமரன் தியாகதுருகத்தில் பரோட்டா மாஸ்டர். சொகுசுக் கப்பல் கிச்சனில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்பது மாதம் தண்ணீர் மேலேயே வாசம். ஜன்னல் இல்லாத ரூம். ஒரு நாள்கூட லீவு கிடையாது. ‘மனசளவுல தயாரான்னு யோசிச்சு திங்கட்கிழமை சொல்லுங்க’ என்றுவிட்டார் ஏஜென்ட்.

மனசை எப்படித் தயார் செய்வது? நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடலில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அலையில் இவனுக்குக் குமட்டினால்...? கள்ளக்குறிச்சிக்காரனுக்கு ஆட்டம் என்றால் மலை பஸ்தானே! அதுவும் கடைசி சீட்!

மூன்றாவது வளைவிலேயே நாலு பழமும் என் மூக்குக்கே தேவைப்பட்டன.

“கப்பலுக்குப் போறது நானா, நீங்களா மாமா?” வேர்க்கடலை தின்றுகொண்டே சிரித்தான் குமரன்.

அவனுக்குப் பாஸ் போட்டுவிட்டேன். ஆனால் வெள்ளிமலையில் இறங்கியதும் அவன் முகம் மாறியது. போனில் டவர் இல்லை. காலையில் அவன் மகளுக்கு லேசான ஜுரம். திரும்புகிற பஸ்ஸுக்கோ இரண்டு மணி நேரம் இருந்தது. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடந்தான்.

“ஜுரம் ஜாஸ்தியாயிட்டா இன்னா மாமா பண்றது? கப்பல்ல இருந்து பஸ் புடிச்சி வர முடியுமா?”

அட... வயிற்றைச் சோதிக்க வந்த இடத்தில் ஆடுவது வேறு எதுவோ!

அடிவாரத்தில் டவர் வந்தது. அவன் மனைவி செல்வியின் போன் — ஸ்விட்ச் ஆஃப். வீடு வரை அதே நம்பரை அழுத்திக்கொண்டே வந்தான்.

வாசலில் குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

“இன்னாடி, போனை ஆஃப் பண்ணி வெச்சிக்கினு...”

“வேணும்னுதான் ஆஃப் பண்ணேன். நீங்க மட்டும்தான் பழகிப் பாக்கணுமா? நீங்க இல்லாம வூட்டைச் சமாளிக்க முடியுதான்னு நானும் பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சி?”

“டாக்டர்கிட்ட நானே கூட்டிக்கினு போனேன். ஜுரம் வுட்டுடுச்சி.” செல்வி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “நாலு மணி வரைக்கும் எனக்கு நல்லாதான் இருந்துச்சி. அப்பறம் நீங்க வர்றீங்களான்னு வாசலையே பாத்துக்கினு இருந்தேன்.”

திங்கட்கிழமை ஏஜென்ட்டிடம் ‘வரேங்க’ என்று சொன்னது குமரன். நம்பரை அழுத்திக் கொடுத்தது செல்வி.

வேலை ஆர்டரில் என்னவோ ஒரே ஒரு பெயர்தான் போட்டிருக்கிறது!