காற்றுக்கல் சுவரின் அந்தப் பக்கம்

கட்டிங்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். வயர் போகும் பைப்பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டுகிற வேலை. செங்கல் சுவர்க் காலத்தில் மெஷினைக் கையில் எடுத்தால் கட்டடமே அலறும். பதினேழு வருஷம் அந்த அலறலோடு குடித்தனம் நடத்தியதில் மனுஷனுக்குக் காது போய்விட்டது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? அந்த இரைச்சலில் எல்லோருமே செவிடுதானே!

பிறகு வந்து சேர்ந்தது இந்த வெள்ளைக்கல். உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த, கனமில்லாத சிமெண்ட் பிளாக். அதற்கு மெஷின் எதற்கு? பென்சிலால் கோடு போட்டு, கைச் சுரண்டியை வைத்து இழுத்தால் மாவாக உதிர்கிறது. மற்றவர்களுக்கு அப்பாடா என்றிருந்தது. சுரண்டிக்கொண்டே ஊர்க்கதை பேசினார்கள். இவருக்கோ இரைச்சல் போனதும் ஒளிய இடம் போயிற்று. பிறர் சிரித்தால் தானும் சிரித்து வைத்தார். காது கேளாதவனை மாடியில் ஏற்றுவது ஆபத்து என்று மேஸ்திரி போன மாதம்தான் ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி. உன் தம்பிக்குக்கூடச் சொல்லிவிடாதே என்று அவளிடம் கெஞ்சி வைத்திருந்தார்.

அந்தத் தம்பி, அதாவது இவருடைய மச்சினன், அன்றைக்கு மூன்றாவது மாடியில் இவர் வெட்டிய அதே சுவருக்கு அந்தப் பக்கம் வேலை செய்தான். நாலு அங்குலச் சுவர். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் சுவிட்ச் பெட்டிக்குக் குழி எடுக்கக் கூடாது. இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கோடு இடிக்கிறது மாமா, ஒரு சாண் தள்ளி எடுங்கள் என்று மூன்று தரம் கத்தியிருக்கிறான். பதில் இல்லை. சரி, தள்ளிப் போயிருப்பார் என்று தோண்டியிருக்கிறான். இவரும் தோண்டினார். நடுவில் பொலபொலவென்று உடைந்து, ஓட்டை வழியாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மேஸ்திரி வந்து மச்சினனைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கு அதற்குள் விஷயம் விளங்கிவிட்டது, பாவம். நான்தான் சொல்ல மறந்துவிட்டேன் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

அந்த வார்த்தை எதுவும் கட்டிங்காரருக்கு எட்டவில்லை. ஆனால் படிக்கட்டைக் காட்டிய மேஸ்திரியின் கை தெரிந்தது. பையை எடுக்க மச்சினன் குனிந்ததும் தெரிந்தது.

"அவன் சொல்லியிருப்பான் மேஸ்திரி. எனக்குத்தான் காது கேக்காது."

இத்தனை வருஷம் அடக்கி வைத்தது தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. மாடி முழுக்கச் சுரண்டல் நின்றது. வேலை போயிற்று, அவ்வளவுதான் என்று அவரே தன் சுரண்டியைத் துடைத்து உறையில் போட்டார். மேஸ்திரி என்னவோ சொன்னார்.

"கேக்கலைங்க. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். இப்படிக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

மேஸ்திரி அருகில் வந்து காதோடு வாயை வைத்தார். "மாடி வேணாம். நாளையிலேர்ந்து கீழ்த்தளம். ரெண்டு பேரும் ஒரே பக்கமா நின்னு வெட்டுங்க."

கட்டிங்காரருக்கு அழுகை வந்துவிட்டது. அழட்டும் என்று விட்டுவிட்டு மேஸ்திரி ஓட்டையை அளக்கப் போனார்.